முக்கால்வாசி கொடுத்த நாற்பத்தொரு யுத்தங்கள்

"யுத்தத்தைப் பற்றி உங்களுக்கு என்னம்மா தெரியும்? நீங்கள் பார்த்த சண்டை குழாயடிச் சண்டையாகத்தான் இருக்கும். பேசாமல் குடும்பக் கதை எழுதுங்களேன்."

சென்ற மாதம் கோயமுத்தூரில் நடந்த வாசகர் கூட்டத்தில், சென்னையிலிருந்து வந்திருந்த ஒரு பத்திரிகையின் உதவி ஆசிரியர் என்னிடம் சொன்னது இது. (இந்தப் பத்திரிகை அல்ல. இதன் ஆசிரியர் பயப்பட வேண்டாம்.) கூட்டம் சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். நான் ஒரு நாவல் எழுதியிருக்கிறேன், அது சனிக் கிரகத்துக்கும் அப்பால் நடக்கிற ஒரு யுத்தத்தைப் பற்றியது என்று அவரிடம் போய்ச் சொன்னது என் தப்பு. அவர் மீது தப்பில்லை. அவருக்கு முக்கால்வாசியைத் தெரியாது.

முக்கால்வாசியைப் போல் புத்தகங்களைக் கொலை செய்த ஒரு மனிதர் கோயமுத்தூர் ஜில்லாவில் பிறந்ததில்லை. கறையான்கூட அவரிடம் வந்து பாடம் கேட்க வேண்டும். கறையான் எங்கே பசிக்கிறதோ அங்கே தின்னும். முக்கால்வாசி குறி பார்த்துக் கடைசி அத்தியாயத்தை மட்டும் தின்பார்.

சிங்காநல்லூரில் மில் ரோட்டில், ஒரு டீக்கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் அவருடைய வாடகைப் புத்தகக் கடை இருந்தது. ஆரம்பத்தில் எல்லாரையும் போல முழுப் புத்தகம்தான் கொடுத்தாராம். போன புத்தகங்களில் பாதி திரும்பி வரவில்லை. கேட்டால், "மச்சான் எடுத்துட்டுப் போயிட்டானுங்க," "மழையில நனைஞ்சு போச்சுங்க" என்றார்கள். ஒரு நாள் அவர் சவரக் கத்தியை எடுத்தார். கடையிலிருந்த அத்தனை புத்தகங்களிலும் பின்பக்கத்தில் கட்டை விரல் கனத்துக்கு அளந்து அறுத்தார். அறுத்ததை மில் நூலால் தைத்து, நம்பர் போட்டு, ஒரு பச்சைத் தகரப் பெட்டியில் அடுக்கிப் பூட்டினார். புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். திருப்பிக் கொண்டு வந்து கொடுத்தால்தான் முடிவு கிடைக்கும். அதையும் கடை வாசலில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து, அவர் கண் முன்னால் படித்துவிட்டுப் போக வேண்டும்.

அவருக்கு முக்கால்வாசி என்ற பெயர் வந்தது அன்றுதான். அதற்கு முன்னால் இருந்த பெயரை எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

அதன் பிறகு ஒரு புத்தகம்கூடத் தொலையவில்லை. காய்ச்சல்காரர்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து முடிவைப் படித்துவிட்டுப் போய்ப் படுத்தார்கள். ஒரு கல்யாணத்தில் முகூர்த்த நேரத்துக்கு மாப்பிள்ளையைக் காணாமல் தேடினால், அவர் கழுத்து மாலையோடு முக்கால்வாசியின் பெஞ்சில் உட்கார்ந்து, வைரத்தைத் திருடியது யார் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் ஏட்டய்யா ஒரு துப்பறியும் நாவலைப் பேருந்தில் தவறவிட்டுவிட்டு வெறுங்கையோடு வந்து நின்றார்.

"யோவ் முக்காலு, கொலைகாரன் யாருன்னு மட்டும் சொல்லிப்போடு. நான் போயிடறேன்."

"பொஸ்தகத்தைக் கொண்டாங்க ஏட்டய்யா. கேசை முடிச்சுப்போடலாம்."

"சொல்லலீன்னா உன்னய உள்ள தள்ளிப்போடுவேன்."

"தள்ளுங்க. உள்ள வந்தும் சொல்ல மாட்டேனுங்க."

ஏட்டய்யா மூன்று நாள் பேருந்து பேருந்தாக ஏறி இறங்கி அந்தப் புத்தகத்தைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். அவருடைய உத்தியோகத்தில் அவர் துப்புத் துலக்கிய ஒரே வழக்கு அதுதான் என்று ரோட்டில் பேசிக்கொண்டார்கள்.

இனி என் கதை. என் அய்யன் மில்லில் பஞ்சு அறையில் வேலை செய்தார். அம்மா நூல் சுற்றுகிற ரீலிங்கில். எங்கள் குடும்பத்தில் கைநாட்டு வைக்காத முதல் கை என்னுடையது. அதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. பள்ளியில் இங்கிலீஷில் முதலாவதாக வந்ததற்கு ஒரு அகராதி பரிசு கொடுத்தார்கள். அகராதி இருக்கிறது, படிக்கப் புத்தகம் இல்லை. கடைத்தெருவில் இங்கிலீஷ் புத்தகம் இருந்த ஒரே இடம் முக்கால்வாசியின் கடைசி அலமாரி. அங்கே இருந்தது அத்தனையும் யுத்தம்.

அந்தக் காலத்தில் நீலகிரியில் தோட்டத் துரைகள் ஒவ்வொருவராக ஊரைக் காலி செய்துகொண்டு சீமைக்குப் போனார்கள். அவர்கள் விட்டுவிட்டுப் போன புத்தகங்கள் மூட்டை மூட்டையாக மேட்டுப்பாளையத்துக்கு இறங்கி வரும். முக்கால்வாசி போய் மூட்டையைக் கொட்டி, அட்டையில் துப்பாக்கி இருந்தால் எடுப்பார், இல்லாவிட்டால் தள்ளிவிடுவார். தளபதிகள் எழுதிய நினைவுக் குறிப்புகள், கடற்படை வரலாறு, முற்றுகை வரலாறு எல்லாம் இப்படி வந்தன. ஆகாயத்துக்கு அப்பால் ராக்கெட்டில் போய்ச் சண்டை போடுகிற கதைகளும் இப்படித்தான் வந்தன. ராக்கெட் படத்தைக் காட்டி, "இது என்னங்கண்ணா?" என்று கேட்டேன்.

"பெரிய குண்டுங்க அம்மணி. பர்மாவுல பாத்திருக்கேன்" என்றார்.

முதலில் வேறு வழியில்லாமல் படித்தேன். பிறகு வேறு எதையும் படிக்கப் பிடிக்கவில்லை. அந்த வருடம் மில்லைப் பூட்டிவிட்டார்கள். நான்கு மாதம் கதவு திறக்கவில்லை. அப்போது என் கையில் இருந்தது வடதேசத்து நகரம் ஒன்றை எதிரிகள் சுற்றி வளைத்த வரலாறு. முதலில் அங்கே வெண்ணெய் தீர்ந்தது, பிறகு மாவு, பிறகு வண்டிக் குதிரைகள். எங்கள் வீட்டில் முதலில் எண்ணெய் தீர்ந்தது, பிறகு அரிசி, பிறகு அம்மாவின் தோடு. அவர்கள் தோல் வாரை வேக வைத்தார்கள் என்ற பக்கத்தை நான் படித்துக்கொண்டிருந்தபோது, அம்மா முந்தாநாள் மரவள்ளிக் கிழங்கை மூன்றாவது முறையாகச் சூடு பண்ணிக்கொண்டிருந்தாள். யுத்தம் என்றால் என்ன என்று அகராதியைப் பார்க்காமல் எனக்குப் புரிந்தது அன்றுதான். மில் கதவு திறந்தபோது, யார் என்ன நிபந்தனைக்குச் சரணடைந்தார்கள் என்பதும் புரிந்தது. அய்யனுக்குப் பழைய கூலி. எங்கள் சார்பில் பேச்சு வார்த்தைக்குப் போனவருக்குப் புது சைக்கிள்.

அந்த நகரம் என்ன ஆயிற்று என்று மட்டும் தெரியவில்லை. கடைசிப் பாகம் பச்சைப் பெட்டியில் இருந்தது.

புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, "முடிவைக் கொடுங்கண்ணா" என்று நின்றேன். பெஞ்சில் நாலு பேர் பீடியோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர் பெஞ்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அது ஆம்பளைக உக்கார்ற பெஞ்சுங்க அம்மணி. நாளைக்கு உங்கய்யன் வந்து கேட்டா நான் என்னத்தைச் சொல்றது?"

"அப்ப ஊட்டுக்குக் குடுங்க. படிச்சுப்போட்டு நாளைக்கே கொண்டாறேன்."

"பெட்டிச் சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானுங்க. ஏட்டய்யாவுக்கே வளைக்கலை."

"ஆம்பளைக்கு ஒரு சட்டம், பொம்பளைக்கு ஒரு சட்டமுங்களா?"

"சட்டம் ஒண்ணுதானுங்க. பெஞ்சுதான் ஒண்ணு பத்தலை."

பீடிக்காரர்கள் சிரித்தார்கள். என் முகம் எப்படி ஆயிற்றோ, அவர் கொஞ்சம் இரங்கினார். குரலைத் தாழ்த்தி, "முடிவை வாயால சொல்லறனுங்க, கேட்டுக்கங்க. எல்லாரும் பத்தரமா ஊடு வந்து சேந்தாங்க. சூடா சோறு உண்டாங்க. அவ்வளவுதானுங்க" என்றார்.

நம்பினேன். அடுத்த புத்தகம் நீர்மூழ்கிக் கப்பல். அதிலும் எல்லாரும் வந்து சோறு உண்டார்கள். பாலைவனப் படையெடுப்பு, அதே சோறு. சனிக் கிரகத்தின் துணைக்கோள் ஒன்றில் பதிமூன்று வீரர்கள், மூச்சுக் காற்று தீர்ந்துகொண்டே இருக்கிறது, எதிரி யாரென்றே தெரியவில்லை. அவர்களும் வந்து சோறு உண்டார்கள். சனிக் கிரகத்திலிருந்து சிங்காநல்லூர் வருவதற்குள் சோறு ஆறியிருக்காதா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அவர் சொன்ன முடிவு பிடிக்காமல் நானே எழுத ஆரம்பித்தேன். பள்ளிக்கூட நோட்டின் பின்பக்கத்திலிருந்து, ஒவ்வொரு யுத்தத்துக்கும் ஒரு முடிவு. என் முடிவுகளில் யாரும் சாப்பிடவில்லை. முக்கால்வாசிப் பேர் செத்தார்கள். பதினாறு வயதில் எனக்கு அதுதான் உண்மை என்று பட்டது.

அந்த வான்வெளி யுத்தக் கதைகளில் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். ராக்கெட்டுக்கு எண்ணெய் எப்படிப் போகிறது என்று பத்துப் பக்கம் எழுதுவார்கள். ஆயிரம் வருடம் கழித்து நடக்கிற யுத்தத்தில்கூட யார் சமைத்தார்கள் என்று ஒரு வரி இருக்காது. பெண் என்று ஒருத்தி பன்னிரண்டாம் பக்கத்தில் கையசைத்து வழியனுப்புவாள். மறுபடி அவள் வருகிறாளா என்று பார்க்கலாம் என்றால், அது பெட்டியில் இருக்கும்.

நான்கு வருடம் இப்படிப் போயிற்று. எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, பயிற்சி முடித்து, ஆரம்பப் பள்ளியில் வாத்தியாரம்மா ஆனேன். முதல் சம்பளம் வாங்கிய சனிக்கிழமை, கஞ்சி போட்ட சேலை கட்டிக்கொண்டு நேராக மில் ரோட்டுக்குப் போனேன். யாரையும் கேட்காமல் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

மறு கோடியில் இருந்த ஏட்டய்யா சூடு பட்டவர் மாதிரி எழுந்தார். மற்ற இருவரும் எழுந்தார்கள். பாரம் ஒரு பக்கமாக வந்து பெஞ்சு என்னோடு சாய்ந்தது. நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன். எந்தக் கோட்டையைப் பிடித்தவனும் அவ்வளவு கஷ்டப்பட்டுப் பிடித்திருக்க மாட்டான்.

"அண்ணா, முற்றுகைப் புஸ்தகத்தோட முடிவு. எடுங்க."

முக்கால்வாசி இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார்.

நாலு வருடம் காத்திருந்த முடிவைப் பிரித்தேன். அதில் முடிவு இல்லை. அகர வரிசையில் பெயர்களும், அவை வருகிற பக்க எண்களும் இருந்தன. இங்கிலீஷில் எழுதுகிற வரலாற்றுப் புத்தகங்களில் பின்னால் போடுவார்களே, அந்தப் பட்டியல். அடுத்ததை எடுத்தேன். அதுவும் பட்டியல். கட்டை விரல் கனம் அளந்து அறுத்தவர், துப்பறியும் நாவலையும் வரலாற்றையும் ஒரே அளவில் அறுத்திருந்தார். அதாவது முற்றுகையின் முடிவு என் கையிலேயே, நான் கொண்டுபோன புத்தகத்திலேயே இருந்தது. கடைசி அத்தியாயம் இல்லாத புத்தகம்தானே என்று நினைத்து, கடைசி அத்தியாயத்தையே நடு அத்தியாயம் என்று படித்திருக்கிறேன்.

சனிக் கிரகத்து முடிவை எடுத்துப் பார்த்தேன். அது நாவல், அதில் முடிவு இருந்தது. பதிமூன்று பேரும் செத்திருந்தார்கள்.

"என்னங்கண்ணா இது? எல்லாரும் செத்துப் போறாங்க. சோறு உண்டாங்கன்னு சொன்னீங்க?"

"அப்படீங்களா?" என்றார். அவருக்கு அந்தச் செய்தி அப்போதுதான் வந்தது போல முகம் விழுந்துவிட்டது.

அவருக்கு நம்பர் தெரியும், ஒரு எழுத்துகூடத் தெரியாது. இத்தனை நாள் எனக்கு அது தோன்றவே இல்லை. எனக்கு வந்த கோபத்தில், பட்டியலை அவர் முன்னால் ஆட்டினேன்.

"இது முடிவே இல்லீங்க. வெறும் பேரு! சண்டையில இருந்தவங்க பேரு!"

அவர் சாவியைப் பெட்டி மேல் வைத்தார். "எல்லாரு பேரும் இருக்குமுங்களா அம்மணி?"

படித்தவள் என்ற தோரணையில், யோசிக்காமல், "இருக்குங்க" என்றேன்.

"மாரப்பன்னு ஒரு பேரு பாருங்க."

மாரப்பன் கொடுமுடிக்காரர். இவரும் அவரும் ஈரோடு ஜங்ஷனில் ஒரே ரயிலில் ஏறிப் பட்டாளத்துக்குப் போனவர்கள். பர்மாவில் இருவரும் சமையல். அன்று முக்கால்வாசி பெஞ்சின் மறு கோடியில் வந்து உட்கார்ந்து சொன்னார்.

"அவன் அண்டா, நான் அடுப்புங்க. திடீர்னு பின்னால போகச் சொல்லிப்போட்டாங்க. ஆத்தைத் தாண்டோணும். எல்லாத்தையும் போட்டுட்டு வாடான்னேன். அண்டாவைப் போட்டுட்டா அக்கரைக்குப் போயி எதுலடா சோறாக்கறதுன்னான். எறங்கிட்டான், அண்டாவோட."

"அப்பறம்?"

"அப்பறம் நான் பாக்கலீங்க. அதுதான் கேக்கறேன். பொஸ்தகத்துல போட்டிருப்பாங்கள்ல?"

அவர் துப்பாக்கிப் படம் பார்த்து மூட்டைகளைப் பொறுக்கியதன் காரணம் அதுதான். யாரிடமும் படித்துக் காட்டச் சொல்லி அவர் கேட்டதில்லை. புத்தகக் கடைக்காரருக்குப் படிக்கத் தெரியாது என்று ரோட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆவது?

அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் பெஞ்சு எனக்கு. ஏட்டய்யா நின்றுகொண்டே படித்தார். நான் மாரப்பனைத் தேடினேன். நாற்பத்தொரு யுத்தங்களில் தேடினேன். அவர் மனம் கேட்காது என்று சனிக் கிரகத்திலும் செவ்வாயிலும்கூடத் தேடினேன்.

பர்மாவைப் பற்றியே ஒரு புத்தகம் கிடைத்தது, ஒரு கர்னல் துரை எழுதியது. மாரப்பன் என்ற பெயர் வர வேண்டிய இடத்தில் விரலை வைத்தேன். மேலே மேப்ஸ், அதாவது தேசப்படங்கள் என்று இருந்தது. கீழே மார்மலேட் என்று இருந்தது. மார்மலேட் என்றால் ஆரஞ்சுத் தோலில் செய்கிற ஜாம். பின்வாங்கும்போது துரைகளின் காலை உணவுக்கு அது கிடைக்காமல் போனதைப் பற்றி இரண்டு பக்கங்கள். கர்னலின் குதிரைக்கு நான்கு பக்கங்கள், பெயரோடு. சமையல்காரர்கள் என்ற வார்த்தையே பட்டியலில் இல்லை.

"இல்லீங்க" என்றேன்.

"சரீங்க அம்மணி. அடுத்த மூட்டையில பாக்கலாம்."

ஒவ்வொரு வாரமும் இதையே சொன்னார். நாற்பத்தோராவது வாரம் எனக்குப் பொறுக்கவில்லை. கோபம் கர்னல் மேல். ஆனால் கர்னல் சீமையில் இருந்தார், முக்கால்வாசி எதிரில் இருந்தார்.

"எத்தனை மூட்டை கொண்டாந்தாலும் இருக்காதுங்கண்ணா. சோறாக்குனவங்க பேரையெல்லாம் பொஸ்தகத்துல போட மாட்டாங்க. குதிரை பேரைப் போடுவாங்க."

உண்மையைத்தான் சொன்னேன். உண்மையைச் சொல்லத்தானே படித்தேன்! அவர் எனக்கு நாலு வருடம் பொய் சொல்லிச் சோறு போட்டவர் என்பது அந்த நிமிஷம் ஞாபகத்துக்கு வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை நான் போனபோது பெட்டி திறந்து கிடந்தது. ஒவ்வொரு முடிவையும் அதனதன் புத்தகத்தோடு வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். "யாருக்குத் தேவையோ முழுசா எடுத்துட்டுப் போகட்டுமுங்க" என்றார்.

எடுத்துக்கொண்டு போனார்கள். ஒருவரும் திருப்பித் தரவில்லை. மச்சான் எடுத்துப் போனான், மழையில் நனைந்தது. ஏட்டய்யா மட்டும் தான் எடுத்த ஒன்றைத் திருப்பிக் கொடுத்தார் என்று சொல்ல ஆசைதான். அவரும் கொடுக்கவில்லை. ஒரு வருடத்தில் அலமாரி காலி. அந்த இடத்தில் இப்போது ஒரு தையல் கடை இருக்கிறது. ஒரு கடையை எத்தனையோ பேர் எப்படி எப்படியோ கவிழ்ப்பார்கள். நான் ஒரு உண்மையால் கவிழ்த்தேன்.

பிறகு அவரை நான் ஒரே ஒரு முறை பார்த்தேன், போன தை மாதம், காரமடையில் ஒரு கல்யாணத்தில். பந்தலுக்குப் பின்னால் பெரிய அண்டா முன் கரண்டியோடு நின்றார். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும், "வாங்க வாத்தியாரம்மா! உண்டுபோட்டீங்களா?" என்றார், நேற்றுப் பார்த்தவர் மாதிரி.

மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு. "ஏனுங்கண்ணா, படிக்கத் தெரியாம எல்லாச் சண்டைக்கும் ஒரே முடிவு சொன்னீங்களே, அது எப்படீங்க?"

கரண்டியை அண்டா விளிம்பில் தட்டினார். "சோறாக்கறவன் வேற எப்படீங்க முடிப்பான்?"

பிறகு, "கடைசிப் பந்தி வரைக்கும் இருந்து உண்டுபோட்டுப் போங்க கண்ணு" என்றார். இருந்தேன்.

அந்த உதவி ஆசிரியருக்கு இதையெல்லாம் கூட்டத்தில் சொல்ல முடியுமா? ஒன்று செய்தேன். என் நாவலை அழகாகப் பிரதி எடுத்தேன். சனிக் கிரகத்துக்கும் அப்பால் ஒரு காவல் முகாம். பதிமூன்று வீரர்கள், ஒரு சமையல்காரர். ஓர் ஆற்றைத் தாண்டிப் பின்வாங்க உத்தரவு வருகிறது. சமையல்காரர் பெயர் மாரப்பன், ஊர் கொடுமுடி. பிரதி முடிந்ததும் அய்யனின் சவரக் கத்தியை எடுத்து, பின்பக்கத்தில் கட்டை விரல் கனத்துக்கு அளந்து அறுத்தேன். மீதியை நேற்று ரிஜிஸ்டர் தபாலில் உதவி ஆசிரியருக்கு அனுப்பிவிட்டேன்.

முடிவு என் பெட்டியில், மில் நூலால் தைத்தபடி இருக்கிறது. எங்கள் வீட்டு வாசலில் ஒரு பெஞ்சும் வாங்கிப் போட்டிருக்கிறேன். வேண்டுமென்றால் அவர் வந்து, அதில் உட்கார்ந்து, என் கண் முன்னால் படித்துவிட்டுப் போகட்டும். பதினாறு வயதில் எழுதியது போல அதை நான் எழுதவில்லை. மாரப்பன் அண்டாவோடு அக்கரை ஏறுகிறார். அங்கே அடுப்பு மூட்டிக்கொண்டு ஒருவர் காத்திருக்கிறார். எல்லாரும் சூடாகச் சோறு உண்கிறார்கள்.